ஆரவாரம் படத்தில் வரவில்லையா? ரசிகர்களைப் படமெடுக்கும்போது வரும் சிக்கல்களும் சரிசெய்யும் வழிகளும்

பெரிய ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கேலரியைத் திறந்தால் பலருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. தொண்டை வறளக் கத்திய கூட்டம் படத்தில் வெறும் தலைகளின் வரிசையாக நிற்கிறது. துள்ளிக் குதித்தவர் கலங்கலாக இருக்கிறார். கொடி பளிச்சென்று இருக்கிறது, கொடி பிடித்தவரின் முகத்தைக் காணோம். இவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. பெரும்பாலானவற்றை அடுத்த ஆட்டத்திலேயே சரிசெய்துவிடலாம்.

சிக்கல் படத்தில் எப்படித் தெரிகிறதோ, அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போங்கள். போனுக்கும் கேமராவுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வழி மாறும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், லென்ஸைத் துடையுங்கள். வியர்வைக் கையால் எடுத்து எடுத்துப் பையில் போட்ட போனின் லென்ஸில் எண்ணெய்ப் படலம் இருக்கும். ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் அது படம் முழுவதும் வெண்மையான புகைமூட்டமாகத் தெரியும். விளக்குகளைச் சுற்றி நீளநீளமாகக் கோடுகள் ஓடினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்க வேண்டும்.

படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஆரவாரமே இல்லை

அதிகம் பேர் சொல்லும் குறை இது. இதற்கு அமைப்புகளில் வழி தேடிப் பயனில்லை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது.

பந்து வலைக்குள் போனது, கூட்டம் எழுந்தது, சத்தம் கேட்டது, பிறகு பொத்தானை அழுத்தினீர்கள். மனிதர் எதையும் பார்த்துச் செயல்பட ஏறக்குறைய கால் நொடி ஆகும். போன் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். எதிர்ப்பக்க ஸ்டாண்ட் 150 மீட்டர் தள்ளி இருந்தால் அங்கிருந்து சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட அரை நொடி. ஆகவே சத்தத்தைக் கேட்டு அழுத்துகிறவர் எப்போதும் பிந்திவிடுவார். கூட்டம் ஏற்கனவே எழுந்து, கைகள் பாதி இறங்கிவிட்ட நிலைதான் கிடைக்கும்.

சரி, முன்கூட்டியே எப்படித் தெரியும்? ஆட்டத்தைப் பின்தொடர்ந்தால்தான் தெரியும். கடைசி ஓவரில் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது, கார்னர் கிக்குக்கு ஆள் போகும்போது, டென்னிஸில் பிரேக் பாயின்ட் வரும்போது, தொடர் ஓட்டத்தில் கடைசிக் கைமாற்றத்தின்போது அடுத்த சில நொடிகளில் ஏதோ நடக்கப்போகிறது என்று ரசிகருக்குத் தெரியும். அந்த நேரத்தில் கேமரா ஏற்கனவே கூட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். ரசிகர்களை நன்றாகப் படமெடுக்கிறவர்கள் அனைவரும் முதலில் நல்ல ரசிகர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆரவாரத்துக்கு மூன்று கட்டங்கள் இருப்பதைக் கவனியுங்கள். முதல் கட்டம் மூச்சடக்கிய நேரம்: தலையில் கை, வாயில் விரல், பக்கத்தில் இருப்பவரின் சட்டையை இறுகப் பிடித்த முஷ்டி. இரண்டாவது, வெடிப்பு. அது ஓரிரு நொடிதான். மூன்றாவது கட்டத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள், முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள், சிலர் தனியாக உட்கார்ந்து அழுகிறார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவது கட்டத்தைத் துரத்துகிறார்கள். எனக்குப் பிடித்த படங்கள் முதல் கட்டத்திலும் மூன்றாவதிலும்தான் இருக்கின்றன. அதனால் பர்ஸ்ட் முறையில் (பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுப்பது) வெடிப்புக்குச் சற்று முன்பே தொடங்குங்கள், வெடிப்பு முடிந்ததும் கேமராவைத் தாழ்த்திவிடாதீர்கள். அடுத்த பத்து நொடிக்கு அங்கேயே இருங்கள். அதற்கப்புறம் எல்லோரும் தங்கள் போன்களைத் தூக்கிவிடுவார்கள், அந்த முகங்கள் மறைந்துவிடும்.

இப்போது இன்னொரு வாய்ப்பும் சேர்ந்திருக்கிறது. கால்பந்து உலகக் கோப்பையில் 2018 முதல் காணொளி நடுவர் வந்துவிட்டார். கிரிக்கெட்டில் நடுவரின் முடிவை மறுபரிசீலிக்கும் டிஆர்எஸ் இருக்கிறது. முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான முகங்கள் ஒரே பெரிய திரையைப் பார்த்து உறைந்து நிற்கின்றன. நீங்கள் இடம் தேர்ந்து, ஃபோகஸ் வைத்து, வெளிச்சம் சரிபார்த்து முடிக்கும்வரை அவர்கள் அசைய மாட்டார்கள். முடிவு வந்ததும் ஒரு பாதி எழும், மறுபாதி சரியும். இரண்டு பக்க ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே படத்தில் கிடைத்துவிடும்.

போனில் எடுப்பவர்கள் லைவ் அல்லது மோஷன் போட்டோ வசதியை இயக்கி வையுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நொடியும் அதில் சேர்ந்து பதிவாகும், பிறகு அதிலிருந்து வேறு கணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய கேமராக்கள் சிலவற்றிலும் இப்படி முன்கூட்டியே பதியும் வசதி உண்டு. இருந்தால் இந்த வேலைக்கு அதைவிட உதவியானது வேறில்லை.

பின்னந்தலைகள்தான் தெரிகின்றன

எல்லோரும் பார்க்கும் திசையையே நீங்களும் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் காரணம். உங்கள் வரிசைக்கு முன்னால் இருப்பவர்களின் முகம் வேண்டுமென்றால் நீங்கள் முன்னால் போய்த் திரும்பி நிற்க வேண்டும். இடைவேளையின்போது கீழ்வரிசைக் கம்பி வரை போய்ப் பாருங்கள். ஆட்டம் நடக்கும்போது நடைபாதையில் நிற்பதும் பின்னால் இருப்பவர்களின் பார்வையை மறைப்பதும் கூடாது. அவசரத்தில் ஆட்கள் வெளியேறும் வழி அது.

இடத்தைவிட்டு நகர முடியாவிட்டால் பக்கவாட்டில் திரும்புங்கள். உங்கள் வரிசையிலேயே வலமும் இடமும் முகங்கள் பக்கத்தோற்றத்தில் வரிசையாக இருக்கும். ஒரு முகத்தில் ஃபோகஸ் வைத்தால் மற்றவை மெல்ல மங்கிக்கொண்டே போகும். அந்த வரிசையே படத்துக்கு ஆழம் தருகிறது. டிக்கெட் வாங்கும்போதே யோசிக்க முடிந்தால், வளைவான மூலைப் பகுதியில் இடம் எடுங்கள். அங்கிருந்து பக்கத்து ஸ்டாண்டின் முகங்கள் நேராகவே தெரியும்.

கைகளும் முகங்களும் கலங்கலாக இருக்கின்றன

பின்னணியில் இருக்கும் கம்பியும் நாற்காலியும் தெளிவாக இருந்து ஆட்கள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழ ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) போதவில்லை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. எல்லாமே மென்மையாக, இழுபடாமல் மங்கியிருந்தால் அது ஃபோகஸ் சிக்கல், கீழே தனியாக வருகிறது.

உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு 1/200 நொடி போதும். கொடி அசைப்பவர்களுக்கும் கைதட்டுபவர்களுக்கும் 1/500. துள்ளிக் குதிப்பவர்களுக்கும் பறக்கும் காகிதத் துண்டுகளுக்கும் 1/1000. இரவு ஆட்டத்தில் இந்த வேகத்துக்கு வெளிச்சம் பற்றாது, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றத்தான் வேண்டும். ஃப்ளட்லைட்டில் ஐஎஸ்ஓ 3200, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, 1/500 நொடி என்று தொடங்கிப் பாருங்கள். ஆடுகளத்தைவிட ஸ்டாண்ட் எப்போதும் இருட்டாக இருக்கும், ஏனென்றால் விளக்குகள் வீரர்களைப் பார்த்துத்தான் திருப்பப்பட்டிருக்கின்றன. ஆகவே 6400 வரை போகத் தயங்க வேண்டாம். புள்ளிபுள்ளியாக இருக்கும் படத்தை யாரும் பொறுத்துக்கொள்வார்கள், கலங்கிப்போன முகத்தைத் திருத்த வழியே இல்லை. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினால், புள்ளிகள் இன்னும் மோசமாகத்தான் வரும்.

போனில் இரவு முறையை அணைத்துவிடுங்கள். அது ஓரிரு நொடிகளுக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. கட்டடத்துக்கு அது நல்லது, குதிக்கும் மனிதர்களுக்கு ஆகாது. ஜூம் செய்ய வேண்டுமென்றால் போனில் இருக்கும் தனி லென்ஸின் அளவுகளுக்குள் நில்லுங்கள். அதைத் தாண்டி விரலால் விரித்தால் படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது, அசைவும் சேர்ந்து பெரிதாகும்.

ஃபிளாஷ் இதற்குத் தீர்வாகாது. போன் ஃபிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. முன்வரிசைக்காரரின் தலைமுடி மட்டும் வெளுத்து, பின்னால் இருக்கும் மைதானம் முழுவதும் கறுத்துப்போகும்.

கலங்கலை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். கொடிகள் சுழலும் ஸ்டாண்டை 1/15 நொடியில், கம்பியில் கையை ஊன்றி எடுங்கள். ஒரே ஒருவர் அசையாமல் நின்றால் போதும், அவரைச் சுற்றி வண்ணங்கள் ஆறாக ஓடும். அசையாத ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் படம் வெறும் கலங்கல்தான், ஆகவே முதலில் அவரைத் தேடுங்கள்.

முகங்கள் இருட்டு, ஆடுகளம் வெளுத்துவிட்டது

கேமரா மொத்தக் காட்சியின் சராசரியைப் பார்க்கிறது. பளிச்சென்ற புல்தரை படத்தில் பாதியை அடைத்துக்கொண்டால் முகங்கள் கறுக்கும். போனில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் ஈடு (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) +1 வைக்கலாம். ஸ்டாண்டிலேயே நெடுநேரம் இருக்கப்போகிறீர்கள் என்றால் மேனுவலில் ஒருமுறை அளந்து வைத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு கொடி குறுக்கே வரும்போதும் வெளிச்சம் ஏறி இறங்காது.

பகல் ஆட்டத்தில் ஸ்டாண்டின் பாதியில் வெயில், பாதியில் நிழல் இருந்தால் இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற முயல வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிழலில் இருப்பவர்களின் தோல் நிறம் இயல்பாக வரும், கண் சுருங்காது. நான் பெரும்பாலும் நிழல் பக்கத்தையே எடுப்பேன்.

படத்தில் கறுப்புப் பட்டைகள். அல்லது பர்ஸ்டில் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு

கேமரா பழுதாகிவிட்டதோ என்று பயமுறுத்தும் சிக்கல் இது. கேமராவில் பழுது எதுவும் இல்லை, விளக்குதான் மினுங்குகிறது. மாறுமின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் மின்சார அலையின் இரு மடங்கு வேகத்தில் மங்கி ஒளிர்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 முறை. கண்ணுக்கு இது தெரியாது. 1/1000 நொடியில் எடுக்கும் படமோ அந்தச் சுற்றின் ஒரு சிறு துண்டை மட்டும் பிடிக்கிறது. அந்தத் துண்டு உச்சத்தில் இருந்தால் வெளிச்சம், அடியில் இருந்தால் இருட்டு. நிறமும் சேர்ந்து மாறலாம்.

முதலில் எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். பட்டைகள் குறைந்துவிடும், ஏனென்றால் எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாக மெதுவாகப் படிக்கிறது. அடுத்து, கேமரா மெனுவில் மினுங்கலைத் தவிர்க்கும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். அது ஒளி உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். இரண்டும் பலிக்கவில்லை என்றால் வேகத்தை மின்சாரத்தோடு பொருத்த வேண்டியதுதான்: 50 ஹெர்ட்ஸில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/125 அல்லது 1/60. இந்த வேகத்தில் குதிப்பவர்கள் கலங்குவார்கள், எனவே மூச்சடக்கிய நேரங்களை எடுக்க இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிபரப்புக்கென்று புதிதாக எல்இடி பொருத்திய பெரிய மைதானங்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கேயும் எல்லைக்கோட்டு விளம்பரப் பலகைகளும் உள்வழிகளின் குழல்விளக்குகளும் பட்டை காட்டலாம்.

ஃபோகஸ் கொடியிலும் வலையிலும் போய் நிற்கிறது

ஆட்டோஃபோகஸுக்கு அருகில் இருப்பதும் கோடு தெளிவாக இருப்பதும் பிடிக்கும். கூட்டத்தில் அப்படிப்பட்டவை எக்கச்சக்கம். முகத்தைத் தேடும் வசதியும் நூறு முகங்களுக்கு நடுவில் குழம்பி, நமக்கு வேண்டாத ஒருவரைப் பிடித்துக்கொள்ளும்.

கேமராவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள். குறுக்கே கொடி வந்தால் ஃபோகஸ் உடனே தாவாமல் இருக்க, தொடர் ஃபோகஸின் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். போனில் ஆளைத் தொட்டுப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள்.

வலை அல்லது கம்பித் தடுப்பு குறுக்கே இருந்தால் லென்ஸை அதன் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். வலை கரைந்து காணாமல் போகும். கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸை நேராகக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணியால் அல்லது கையால் மூடுங்கள். சாய்த்துப் பிடித்தால் பிரதிபலிப்பு உள்ளே வந்துவிடும்.

கோப்பை உயரும்போது கொட்டும் காகிதத் துண்டுகள்தான் மிகப் பெரிய தொல்லை. துண்டுகள் கொட்டுவதற்கு முன்பே ஃபோகஸைப் பூட்டுங்கள், அல்லது மேனுவலுக்கு மாறிவிடுங்கள். அந்தக் கணம் திரும்ப வராது, அப்போது மெனுவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

வண்ணப் புகையிலும் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். வழி இதேதான். ஆனால் எரியும் தீப்பந்தங்களின் பக்கத்தில் போகாதீர்கள். அவை 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் எரிபவை, பெரும்பாலான கால்பந்து மைதானங்களில் தடைசெய்யப்பட்டவை. தூரத்திலிருந்து, புகைக்குப் பின்னால் விளக்கு இருக்கும்படி எடுத்தால் புகையே ஒளிரும்.

முகமெல்லாம் சிவப்பு அல்லது பச்சை

ஸ்டாண்ட் முழுவதும் ஒரே நிற ஜெர்சி இருந்தால் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை அமைப்பு) ஏமாந்து, அந்த நிறத்தைக் கழிக்கப் பார்க்கும். 5,000 முதல் 5,600 கெல்வினுக்குள் நிலையாக வைத்துவிடுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சிவப்பு ஜெர்சிகளில் மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாக வந்தால் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். ஜெர்சியின் நிறம் தாடையில் லேசாகப் படர்ந்திருப்பதை நீக்க வேண்டாம், அங்கே உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

பெரிய கூட்டம் படத்தில் சின்னதாகத் தெரிகிறது

அகல லென்ஸில் முழு மைதானத்தையும் அடக்கினால் ஆட்கள் புள்ளிகளாகிவிடுவார்கள். கூட்டம் பெரிதாகத் தெரிய, அதன் விளிம்பை மறைக்க வேண்டும். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். அதை மஞ்சள் சுவர் என்பார்கள். அதன் புகழ்பெற்ற படங்களைப் பார்த்தால் மேலே வானமும் இருக்காது, கீழே புல்லும் இருக்காது. நீள லென்ஸால் ஸ்டாண்டின் ஒரு பகுதியை விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பியிருப்பார்கள். முடிவு தெரியாததால் கூட்டம் இன்னும் போய்க்கொண்டே இருப்பதாகக் கண் நினைத்துக்கொள்கிறது. அதற்குள் ஒழுங்கைக் குலைக்கும் ஒருவரைத் தேடுங்கள்: எல்லோரும் நிற்க உட்கார்ந்திருப்பவர், தோளில் தூக்கப்பட்டவர், வேறு நிறச் சட்டைக்காரர். அப்போதுதான் பார்ப்பவரின் கண் தங்க ஓர் இடம் கிடைக்கும்.

கூட்டம் சேர்ந்து செய்யும் அசைவுகளுக்கு அவற்றின் நடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலை எழுப்புவதை எடுத்துக்கொள்வோம். 1981இல் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் தெரியவந்து, 1986 மெக்சிகோ உலகக் கோப்பையில் உலகம் முழுவதும் பரவியது. 2002இல் நேச்சர் இதழில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பெரும்பாலும் அது கடிகார முள்ளின் திசையில் போகிறது, நொடிக்குச் சுமார் 20 இருக்கைகளைக் கடக்கிறது, எழுந்து நிற்கும் பகுதி ஏறக்குறைய 15 இருக்கை அகலம். படமெடுப்பவருக்கு இது பொன்னான தகவல். எதிர்ப்பக்க ஸ்டாண்டில் அலை பெரும்பாலும் இடமிருந்து வலமாகப் போகும். உங்கள் ஸ்டாண்டுக்கு வலப்பக்கத்திலிருந்து வரும். அதைத் துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்ப வேண்டாம். ஓர் இடத்தைக் கட்டமாக வைத்து, அலை உள்ளே நுழையும்வரை காத்திருந்து, எழுந்தவர்களும் எழாதவர்களும் சம அளவில் இருக்கும்போது அழுத்துங்கள். எல்லோரும் எழுந்து நிற்கும் படத்தில் அலை இருந்ததே தெரியாது.

2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்து ரசிகர்கள் உலகை ஈர்த்த கைதட்டல் இன்னொரு மாதிரி. கைகளை விரித்து உயர்த்தி அமைதியாக நிற்கிறார்கள், முரசு விழுந்ததும் ஒரே தட்டு, மறுபடி அமைதி. இடைவெளி போகப்போகக் குறையும். படம் இருப்பது அந்த அமைதியில், கைகள் விரிந்திருக்கும்போது. தொடக்கத்தின் நீண்ட இடைவெளிகளிலேயே எடுத்துவிடுங்கள்.

கேமராவைக் கண்டதும் எல்லோரும் விரலைக் காட்டிச் சிரிக்கிறார்கள்

அதைத் தடுக்க வேண்டாம், எடுங்கள். முகத்தில் வண்ணம் பூசிப் பலமணி நேரம் தயாராகி வந்தவருக்கு அந்தப் படம் வேண்டும். எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே இருந்தால், கொஞ்ச நேரத்தில் நீங்கள் இருப்பதையே மறந்து ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதன்பின் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய படம். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பேசிப் பழகினால் இது இன்னும் எளிது. குழந்தைகளை எடுக்கும் முன் கூட வந்த பெரியவரிடம் கேளுங்கள். தலையசைத்து மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தோற்ற பக்கத்தை எடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியில், கோலி 54 ரன்னில் போல்டானதும் அந்த நீலக் கடல் அப்படியே அடங்கிப்போனது. அந்த மௌனமும் ஆட்டத்தின் பகுதி, அதைப் பதிவு செய்வதில் தவறில்லை. ஆனால் முகத்துக்கு எதிரே லென்ஸை நீட்டாமல் சற்றுத் தள்ளி நின்று, சுற்றியிருக்கும் காலி இருக்கைகளையும் சுருட்டிய கொடியையும் சேர்த்து எடுங்கள். அழும் ஒருவரைக் கேலிப்பொருளாக்கும் தலைப்போடு எங்கும் பகிராதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடவும் வேண்டாம். 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையிலிருந்தே ஜப்பான் ரசிகர்கள் ஆட்டத்துக்குப் பின் ஸ்டாண்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போவது உலகம் அறிந்த காட்சி. கூட்டம் கலைந்த அரை மணி நேரத்தில் வேறு எந்த நேரத்திலும் கிடைக்காத படங்கள் இருக்கின்றன.

பெரிய திரையில் கூட்டமாகப் பார்க்கும் இடத்தில், திரை வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது

முகங்களுக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் திரை வெளுக்கும், திரை சரியாக இருந்தால் முகங்கள் கறுக்கும். திரையைப் படத்திலிருந்து விலக்கிவிட்டு அதன் வெளிச்சம் விழும் முகங்களை எடுங்கள். திரைக்குப் பக்கவாட்டில் நின்று கூட்டத்தைப் பார்த்தால் அத்தனை முகங்களும் ஒரே ஒளியில் இருக்கும். திரையும் வேண்டுமென்றால் அதற்கு வெளிச்சத்தை அளந்து, ஆட்களை உயர்த்திய கைகளின் நிழலுருவாக விடுங்கள். திரையில் வளைவு வளைவாகக் கோலம் தெரிந்தால் ஓரடி நகர்ந்து கோணத்தை மாற்றுங்கள்.

இணைய ஒளிபரப்பு பல நொடிகள் பிந்தி வரும். பக்கத்துக் கட்டடத்தில் கூச்சல் கேட்டால் உங்கள் திரையில் இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஆட்டம் பார்ப்பவருக்கு அது எரிச்சல், படமெடுப்பவருக்கு முன்னறிவிப்பு.

நெரிசலில் கேமராவை நிலையாகப் பிடிக்க முடியவில்லை

அப்படியென்றால் எடுப்பதை நிறுத்துங்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நெருங்கிவிட்டால் உடல் நம் கட்டுப்பாட்டில் இருக்காது, கூட்டம் போகும் பக்கம் நாமும் போவோம். கேமராவைப் பைக்குள் வைத்து, இரண்டு கைகளையும் மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, தள்ளல் ஓயும்போதெல்லாம் பக்கவாட்டில் சாய்வாக வெளியே நகருங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவும் கூடாது.

வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், படம் அனுப்ப முடியவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது

டிக்கெட்டின் விதிகளை வீட்டிலேயே படியுங்கள். முக்காலி, ஒற்றைக்கால் தாங்கி, நீள லென்ஸ், சில இடங்களில் பவர் பேங்க் வரைக்கும் தடை இருக்கும். பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் படமெடுக்க அனுமதி, ஆட்டத்தை நேரலையாக ஒளிபரப்பக் கூடாது.

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணைப்பைத் தேடும்போது போன் சிக்னலுக்காகத் திணறிப் பேட்டரியைக் குடிக்கும். ஏரோபிளேன் முறைக்கு மாற்றிவிட்டுப் படமெடுங்கள், வெளியே வந்து அனுப்புங்கள். பர்ஸ்ட் நடுவில் நின்றுவிடுகிறது என்றால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டது. நீளமாக அழுத்தாமல் சின்னச் சின்னதாக விட்டுவிட்டு அழுத்துங்கள், அல்லது ஜேபெக்குக்கு மாறுங்கள்.

படங்கள் நிறைய இருக்கின்றன, ஆட்டம் நினைவில் இல்லை

இதையும் சரிசெய்ய வேண்டிய சிக்கலாகவே நினைக்கிறேன். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. கவனித்து எடுப்பதற்கும் கடமைக்கு அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிகிறது.

ஆகவே எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம், தேசிய கீதம், இடைவேளை, கடைசிப் பத்து நிமிடம், முடிந்தபின் அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் கேமரா பைக்குள் இருக்கட்டும். எழுந்து கத்துங்கள். தவறவிட்ட படத்துக்காக வருந்தாதீர்கள், அந்த கோலை உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

வீடு திரும்பியதும் அன்றிரவே எதையும் அழிக்காதீர்கள். வெற்றியின் மயக்கத்தில் எல்லாம் நன்றாகத் தெரியும், தோல்வியின் எரிச்சலில் எதுவும் தேறாது. சில நாள் கழித்துத் திறந்து, யார் வென்றார்கள் என்று தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். எந்தப் படத்தில் அவர் கை நின்று, "என்ன ஆச்சு அப்போ?" என்று கேட்கிறாரோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.